வளர்ச்சிக்காகப் போடும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் பிராய்லர் தீவனத்தில் வேறு எதைச் சேர்ப்பது?

கேள்வி கேட்டவர் உசிலம்பட்டிப் பக்கம் 3,000 பிராய்லர் வளர்க்கிறார். கம்பெனி ஒப்பந்தம் கிடையாது. குஞ்சைச் சொந்தமாக வாங்கி, தீவனத்தையும் பக்கத்து மில்லில் அரைத்துத் தானே கலக்கிறார். மதுரையில் சில கறிக்கடைக்காரர்கள், ஆன்டிபயாடிக் போடாத கோழியாக இருந்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தினால் எடை விழுந்துவிடுமா, அதற்குப் பதில் மஞ்சள், பூண்டு, புரோபயாடிக், ஆசிட் இவற்றில் எதைப் போடுவது, டன்னுக்கு எவ்வளவு என்பதுதான் அவர் கேட்பது.

நிறுத்தலாம். எடையும் பெரிதாக விழாது. ஆனால் ஒரு பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பையை வைக்கிற வேலை என்று நினைத்து இறங்கினால் முதல் பேட்சிலேயே கையைச் சுட்டுக்கொள்வீர்கள். தண்ணீரிலும், லிட்டர் என்று சொல்லும் தரைப் படுக்கையிலும், தீவன மூலப்பொருளிலும் இருக்கும் குறைகளை இத்தனை நாள் அந்த ஆன்டிபயாடிக் மூடி வைத்திருந்தது. அதை எடுத்தால் குறைகள் வெளியே வரும். அவற்றைச் சரிசெய்த ஷெட்டில்தான் மாற்றுப் பொருள் எதுவும் வேலை செய்யும். அதனால் டன் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

1940களின் கடைசியில், ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வளர்ச்சி கூடியதைக் கண்டார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நோயைக் குணப்படுத்தும் அளவைவிட மிகக் குறைவாக, தினமும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுப்பது இந்த முறை. குடலில் கிருமிச் சுமை குறைகிறது, குடல் சுவரில் அழற்சி குறைகிறது, தின்ற தீவனம் உடம்பில் ஒட்டுகிறது. சுத்தமான ஷெட்டில் இதன் பலன் குறைவு, அசுத்தமான ஷெட்டில் அதிகம்.

இதற்கு நல்ல சாட்சி டென்மார்க். அங்கே 1998இல் பிராய்லர் தீவனத்திலிருந்து இவற்றை எடுத்துவிட்டார்கள். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கான எஃப்சிஆர் 1.78இலிருந்து ஏறக்குறைய 1.80க்குப் போனது, அவ்வளவுதான். சாவு விகிதம் கூடவில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் சுமார் 70 லட்சம் கோழிகளில் போட்டும் போடாமலும் பார்த்த கணக்கை 2007இல் ஆராய்ந்தபோது, மருந்தின் செலவு அதனால் வந்த லாபத்தைவிட அதிகம் என்று தெரிந்தது. ஸ்வீடன் 1986லேயே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பது அமெரிக்காவில் 2017 தொடக்கத்தோடு நின்றது. அங்கெல்லாம் கோழி வளர்ப்பு படுத்துவிடவில்லை.

நம் நாட்டில் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019இல் தடை வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதை நாம் குஞ்சுத் தீவனத்தில் கிலோக்கணக்கில் கொட்டிக்கொண்டிருந்தோம். இன்னொன்றையும் யோசியுங்கள். நம் ஷெட்டிலிருந்து போகும் கோழி எரு மல்லிகைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் போகிறது. மருந்துக்கு மசியாத கிருமிகளும் அதோடு சேர்ந்து போகின்றன. கடைக்காரர் கிலோவுக்குக் கூடக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் நிலை.

முதல் வேலை, நீங்கள் வாங்கும் பொருள்களின் லேபிளைப் படிப்பது. ஆன்டிபயாடிக்கைத் தனியாக வாங்கிப் போடுவதை நிறுத்தியவர்கள் பலருக்கு, அது பிரீமிக்ஸ் (தீவனத்தில் சேர்க்கும் விட்டமின், தாது உப்புக் கலவை) வழியாக இன்னும் உள்ளே வந்துகொண்டிருப்பது தெரியாது. பேசிட்ராசின் அல்லது பிஎம்டி, என்ராமைசின், விர்ஜினியாமைசின், அவிலாமைசின், டைலோசின், லிங்கோமைசின், குளோர்டெட்ராசைக்ளின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற பெயர்களில் எது இருந்தாலும் அது ஆன்டிபயாடிக்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் 'குரோத் புரமோட்டர்', 'கட் டானிக்' (குடல் டானிக்) என்று மட்டும் போட்டு வரும் டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

ரத்தக்கழிச்சல் மருந்தை மட்டும் இதோடு சேர்த்து அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். சாலினோமைசின், மோனென்சின், மதுராமைசின் ஆகியவை காக்சிடியா ஒட்டுண்ணிக்காகப் போடுபவை. ஐரோப்பாவில் வளர்ச்சி ஊக்கிகளைத் தடை செய்தபோதும் இவற்றை விட்டுவைத்தார்கள். டென்மார்க்கில் மற்றவற்றை நிறுத்திய பிறகு சாலினோமைசின் பயன்பாடு கூடவே செய்தது. அமெரிக்காவிலோ இவற்றையும் ஆன்டிபயாடிக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அதனால் கடைக்காரரிடம் நீங்கள் என்ன வாக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். 'வளர்ச்சிக்கு ஆன்டிபயாடிக் போடவில்லை' என்பது ஒன்று, 'எந்த ஆன்டிபயாடிக்கும் தொடவில்லை' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால் நிகார்பசின், டைக்ளசுரில் போன்ற ரசாயன வகைக்கு மாற வேண்டும், இல்லையேல் குஞ்சுக்குக் காக்சிடியா தடுப்பூசி போட வேண்டும். முதல் வருடம் முதல் வாக்கோடு நில்லுங்கள் என்பேன்.

ஏன் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், ஆன்டிபயாடிக்கை எடுத்த ஷெட்டில் முதலில் தலைகாட்டும் எதிரி கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா. காக்சிடியா குடல் சுவரைக் கிழித்துக் கொடுத்தால் இது அங்கே குடியேறும். மூன்றாவது வாரத்தில் செத்த கோழி ஒன்றை அறுத்துப் பாருங்கள். சிறுகுடல் காற்றடைத்து உப்பியிருக்கும். நீளவாக்கில் வெட்டி விரித்தால் உட்புறம் வழவழப்பாக இல்லாமல், பழுப்பு மஞ்சளாக, பழைய துவாலை போலச் சொரசொரத்துக் கிடக்கும். நாற்றம் தனியாகத் தெரியும். இது முற்றிய நிலை. இதைவிட நஷ்டம் தருவது வெளியே தெரியாத லேசான வகை. கோழி சாகாது, நன்றாகத் தின்னும், எடை மட்டும் ஏறாது. எச்சம் இளகி, செரிக்காத மக்காச்சோளத் துணுக்கு அதில் கிடக்கும். காலையில் ஷெட்டுக்குள் போனதும் கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் எச்சத்தைப் பாருங்கள்.

இனி தண்ணீர். கோழி ஒரு கிலோ தீவனம் தின்றால் சாதாரண நாளில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். டன் கணக்கில் விலை பேசி மருந்து வாங்குகிறவர்கள், தீவனத்தைப்போல இரண்டு மடங்கு உள்ளே போகும் தண்ணீரைப் பரிசோதிப்பதே இல்லை. ஓவர்ஹெட் டேங்கில் இறங்கிப் பாருங்கள். கோழி குடிக்கும் நிப்பிள் பைப்பின் கடைசி மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் விரலோடு வந்தால், கோழிகள் குடிப்பது போர் தண்ணீர் என்று சொல்ல முடியாது. விட்டமின், வெல்லம், மருந்து என்று முன் பேட்சில் விட்டதெல்லாம் அங்கே கிருமிக்குத் தீனியாகியிருக்கிறது. இந்தப் படலத்தை பேட்ச் முடிந்த இடைவெளியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த மருந்தை விட்டு ஊறவைத்து, அழுத்தமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். குஞ்சு இருக்கும்போது செய்யக்கூடாது.

பேட்ச் ஓடும்போது குளோரின் போதும். கெட்டுப்போகாத பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 10 கிராம் அளவில் தொடங்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். கடைசி நிப்பிளில் பிடித்துப் பார்த்தால் குளோரின் 2 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருக்க வேண்டும். பார்க்கும் கிட் பெரிய விலை இல்லை.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். ஆசிட் போட்டும் பலன் இல்லை என்று இங்கே பலர் சொல்வதற்கு அதுவே காரணம். தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் முதலில் போடும் ஆசிட்டையெல்லாம் விழுங்கிவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவு உங்கள் தண்ணீருக்குப் போதாமல் போகும். நீங்களே அளந்துகொள்ளலாம். 10 லிட்டர் வாளியில் போர் தண்ணீரை எடுத்து, சிரிஞ்சில் ஒவ்வொரு மில்லியாக ஆசிட்டை விட்டுக் கலக்கி, பிஎச் பேப்பரை நனைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் நிறம் அசையாது, அப்புறம் சட்டென்று இறங்கும். 4.5 பக்கம் வந்ததும் எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு. 4க்குக் கீழே போனால் கோழி குடிப்பதைக் குறைத்துவிடும், நிப்பிளும் அரிக்கும். தினமும் போட வேண்டியதில்லை. முதல் ஐந்து நாள், தீவனம் மாற்றும் நாட்கள், பிடிப்பதற்கு முந்தைய சில நாட்கள் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் நேரடியாக ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்க்கும். தடுப்பூசி, புரோபயாடிக் இரண்டையும் தண்ணீரில் கொடுக்கும் நாளில் குளோரினும் ஆசிட்டும் இருக்கக்கூடாது. முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள்.

லிட்டர் விஷயத்தில் தேங்காய் நார்த்தூள் நல்லதுதான், ஈரத்தை நன்றாக இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். கிளறிவிட்டு, சுண்ணாம்புத் தூள் தூவி, ஒழுகும் நிப்பிளைச் சரிசெய்யுங்கள். ஆன்டிபயாடிக் இல்லாத முதல் பேட்சை 3,000 சதுர அடியில் 2,600 குஞ்சோடு விடுங்கள். வெயில் காலத்தில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது ரத்தம் தோலுக்குப் போகிறது, குடலுக்குக் குறைகிறது, குடல் சுவர் தளர்ந்து கிருமி உள்ளே நுழைகிறது. காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை தீவனத்தைத் தூக்கிவிட்டு, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் தின்ன விடுவது இங்கே எந்த டப்பாவையும்விட உதவும்.

குஞ்சு வந்த முதல் நாளும் அதே அளவு முக்கியம். 24 மணி நேரம் கழித்துக் கொஞ்சம் குஞ்சுகளை எடுத்துத் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மெத்தென்று நிரம்பியிருக்க வேண்டும். கல்லாக இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை, காலியாக இருந்தால் குளிர் அல்லது சூடு அதிகம்.

தீவனத்தில் எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்னால் எதை எடுப்பது என்று பாருங்கள். தென் மாவட்டங்களில் விலை குறைவென்று கருவாட்டுத்தூளைச் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. அதில் மணல், உப்பு, சால்மோனெல்லா மூன்றும் வரும். உப்பு கூடினால் கோழி அதிகம் குடிக்கும், லிட்டர் நனையும். செரிக்காத புரதம் கிளாஸ்ட்ரிடியத்துக்கு விருந்து. அதை நிறுத்திவிட்டு, மொத்தப் புரதத்தை ஒரு சதவீதம் குறைத்து, லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றையும் தனியாகப் போட்டுச் சமன் செய்யுங்கள். அளவை ஒரு தீவன நிபுணரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

மக்காச்சோளத்தை பேரையூர், டி.கல்லுப்பட்டி மானாவாரி அறுவடையில் வாங்கி இருப்பு வைப்பீர்கள். 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்காதீர்கள். பூஞ்சை நச்சு ஈரலையும் நோய் எதிர்ப்பையும் கெடுத்துவிட்டால் மேலே எதைப் போட்டும் பயனில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் அஃப்ளடாக்சின் பார்த்துத் தருகிறார்கள். ஒவ்வொரு பெரிய கொள்முதலுக்கும் மாதிரி அனுப்புங்கள்.

என்சைம் கட்டாயம் போடுங்கள். ஃபைட்டேஸ் எப்போதும் வேண்டும். கம்பு, தவிடு, குருணை சேர்த்தால் சைலனேஸும் வேண்டும். செரிமானம் மேலே முடிந்தால் கீழ்க்குடலில் கிருமிக்கு மிஞ்சாது.

இப்போது உங்கள் பட்டியல். புரோபயாடிக்கில் பேசிலஸ் சப்டிலிஸ், பேசிலஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்ற ஸ்போர் வகையை எடுங்கள். ஸ்போராக உறங்கிக் கிடப்பதால் நம் வெயிலிலும் குடோனிலும் சாகாது, பெல்லட் போடும் சூட்டையும் தாங்கும். லாக்டோபேசிலஸ் நல்ல பாக்டீரியாதான், ஆனால் தீவனத்தில் உயிரோடு நிற்காது. முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கொடுக்க மட்டும் சரி. லேபிளில் எண்ணிக்கையைப் பாருங்கள். கிராமில் 100 கோடி இருந்தால் டன்னுக்கு ஒரு கிலோ போடும்போது தீவனத்தில் கிராமுக்குப் பத்து லட்சம் வரும், அது போதும். எண்ணிக்கையே எழுதாத பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தீவனத்தில் போடும் ஆசிட்டில் நான் முதலிடம் கொடுப்பது பூச்சிட்ட பியூட்டிரேட்டுக்கு. குடல் சுவர் செல்களுக்கு அது நேரடி உணவு. பூச்சு இல்லாவிட்டால் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். டன்னுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. ஃபார்மிக், புரொப்பியோனிக் கலவை தீவனத்தில் பூஞ்சையையும் சால்மோனெல்லாவையும் தடுக்க நல்லது, ஆனால் சிறுகுடலின் கீழ்ப்பகுதி வரைக்கும் போய்ச் சேராது. ஈஸ்ட்டின் வெளிச்சுவரில் இருந்து எடுக்கும் எம்ஓஎஸ், சில ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் குடலில் ஒட்டாமல் தன்மேல் பிடித்து வெளியேற்றும். டன்னுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ.

மஞ்சள், பூண்டு என்று நம் வீட்டுச் சரக்குகளைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கும், அஃப்ளடாக்சினால் ஈரலுக்கு வரும் கெடுதலையும் ஓரளவு தணிக்கும். டன்னுக்கு 5 கிலோ என்ற அளவில் செய்த சோதனைகள் சிலவற்றில் எடை கூடியது, சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. சரக்குக்குச் சரக்கு குர்குமின் 2 முதல் 5 சதவீதம் வரை மாறுவது ஒரு காரணம். கடையில் பளிச்சென்று இருக்கும் தூளை வாங்காதீர்கள், நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கும் ஆபத்து இருக்கிறது. விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். பூண்டு அரைத்த அன்றைக்கு நன்றாக இருக்கும், தூளாகிக் காய்ந்து மூட்டையில் கிடந்தால் வீரியம் போய்விடும். வேப்பிலைத் தூள் கூடினால் கசப்பில் தீனி குறையும். முருங்கை இலையும் அளவு மீறினால் நார்ச்சத்துதான் கூடும். இவற்றைத் துணையாகப் போடுங்கள், நம்பி உட்கார வேண்டாம். ஓரிகனோ, லவங்கப்பட்டை எண்ணெய்களில் உள்ள கார்வக்ரால், சின்னமால்டிஹைடு ஆகியவற்றுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்மையிலேயே உண்டு. ஆவியாகாமல் பூச்சிட்டு வருவதை மட்டும் வாங்குங்கள்.

மயில்துத்தம் வேண்டாம். அதிக அளவு செம்பு வளர்ச்சியைக் கூட்டும்தான், ஆனால் எரு வழியாக மண்ணில் சேரும். செம்பைத் தாங்கும் கிருமிகளில் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் குணமும் சேர்ந்தே வளர்வது உண்டு. ஃபேஜ் (பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்), முட்டை மஞ்சள் கரு ஆன்டிபாடி இவையெல்லாம் 3,000 கோழிப் பண்ணைக்கு இப்போதைக்கு எட்டாதவை.

செலவைப் பார்ப்போம். 2 கிலோ கோழி, எஃப்சிஆர் 1.7 என்றால் ஒரு கோழிக்கு 3.4 கிலோ தீவனம், 3,000க்குச் சுமார் 10 டன். டன்னுக்கு 500 ரூபாய் பொருள் என்றால் பேட்சுக்கு 5,000 ரூபாய். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால், எஃப்சிஆர் 0.03 குறைந்தால் கோழிக்கு 60 கிராம், மொத்தம் 7,200 ரூபாய் மிச்சம். ஒரு பொருள் அந்த அளவுக்கு உழைத்தால்தான் அதற்கு இடம். நாலைந்து பொருளை ஒன்றாகக் கொட்டினால் எது உழைத்தது என்றே தெரியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் பேட்சில் ஃபைட்டேஸ், பேசிலஸ் ஸ்போர், பியூட்டிரேட் மூன்றோடு நிறுத்துவேன். ரத்தக்கழிச்சல் மருந்தைத் தொடர்வேன். தண்ணீருக்குக் குளோரினும் அளந்த ஆசிட்டும். மழைக்காலப் பேட்சில் மட்டும் பூச்சிட்ட ஓரிகனோ எண்ணெயைச் சேர்ப்பேன். டன்னுக்கு அரைக் கிலோ போடும் எதையும் நேரடியாக மிக்சரில் வீசாதீர்கள். முதலில் 10 கிலோ மக்காச்சோள மாவில் நன்றாகக் கலந்து, அப்புறம் அதை மிக்சரில் போடுங்கள். இல்லையென்றால் ஒரு மூட்டையில் எல்லாம் இருக்கும், இன்னொன்றில் எதுவும் இருக்காது.

கோழிக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்க்காமல் விடாதீர்கள். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை, சொன்ன நாட்களுக்குச் சொன்ன அளவில் கொடுங்கள். மருந்து நிறுத்திய பிறகு காத்திருக்க வேண்டிய நாட்களை முடித்துவிட்டுச் சாதாரணக் கோழியாகவே விற்றுவிடுங்கள். அந்தப் பேட்சைக் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டாம்.

முடிந்தால் ஷெட்டை நடுவில் வலை போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாற்றுப் பொருள்கள், மறுபாதிக்கு அவை இல்லாத வெறும் தீவனம் என்று ஒரு பேட்ச் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர், லிட்டர், குஞ்சு ஒன்றாகவே இருக்கட்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒவ்வொரு பாதியிலும் 50 கோழியை எடை போட்டு, தின்ற தீவனத்தோடு நோட்டில் எழுதுங்கள். 21ஆம் நாள் எடையையும் எச்சத்தையும் நன்றாகக் கவனியுங்கள். அந்த நோட்டோடு வந்து கேட்டால் அடுத்த பேட்சுக்கு எதை எடுக்கலாம், எதைக் கூட்டலாம் என்று எண்ணிக்கையோடு பேசலாம்.